நீர்க்கரடி திருடிச்சா? கலப்பு விதையும் கள்ளன் பட்டமும்

மக்களே, இந்தப் பதிவு கொஞ்சம் காரமா இருக்கும், கொஞ்சம் நீளமாவும் இருக்கும். ஆபீஸ்ல ஆணி அதிகம் இருக்கிறவங்க சாயங்காலமா வந்து படிச்சுக்கலாம், கோவிச்சுக்க மாட்டேன்.

மேட்டர் இதுதான். "நீர்க்கரடியோட டிஎன்ஏவுல ஆறில் ஒரு பங்கு மத்த உயிர்கள்கிட்ட இருந்து சுட்டது" அப்படின்னு ஒரு வரி தமிழ் இணையத்துல பத்து வருசமா உலாத்திக்கிட்டு இருக்கு. 2025 ஜூன்ல சுபான்ஷு சுக்லா சர்வதேச விண்வெளி நிலையத்துக்குப் போனப்ப இஸ்ரோவோட சோதனைக்காக நீர்க்கரடிகளும் கூடப் போச்சு. அவ்வளவுதான். தூங்கிக்கிட்டு இருந்த அந்த வரி மறுபடி எழுந்து உக்காந்துக்கிச்சு. எனக்கே மூணு பேர் அனுப்பி வச்சாங்க, மூணு பேரும் படிச்சவங்க.

அந்த வரி தப்புங்க. 2015 நவம்பர்ல பொறந்து, டிசம்பர்லயே ஆட்டம் கண்டு, 2016ல அடங்கிப்போன சேதி அது. அடங்கின சேதியை இன்னும் தோள்ல தூக்கிக்கிட்டுத் திரியறது நாமதான். "ஏதோ ஒரு பூச்சி சமாசாரம், சரியா இருந்தா என்ன, தப்பா இருந்தா என்ன"ன்னு கேக்கறவங்களுக்குத்தான் இந்தப் பதிவு. பருத்தி விளையற வேப்பந்தட்டையில உக்காந்துக்கிட்டு இதை ஏன் எழுதறேன்னு போகப் போகப் புரியும்.

முதல்ல நீர்க்கரடி யாருன்னு பாத்துடுவோம். எட்டுக் கால், உடம்பு மொத்தமே அரை மில்லிமீட்டர் சொச்சம். பாசி, ஈர மண், கடல் மணல்னு எங்க வேணா இருக்கும். தண்ணி வத்திப்போனா உடம்பைச் சுருட்டிக்கிட்டு உயிர் இருக்கா இல்லையான்னே தெரியாத நிலைக்குப் போயிடும், தண்ணி பட்டா மறுபடி நடக்க ஆரம்பிச்சுடும். இது ஏதோ வெளிநாட்டுச் சரக்குன்னு நினைச்சுடாதீங்க. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்துல வளாகத்துச் சுவத்துப் பாசியிலேயே ஒண்ணைக் கண்டுபிடிச்சு, அது புற ஊதா ஒளியில இருந்து தன்னை எப்படிக் காப்பாத்திக்குதுன்னு 2020ல எழுதினாங்க. நம்ம மண்டபம் கடற்கரை மணல்ல கொச்சி பல்கலைக்கழகத்துக்காரங்க புது வகை ஒண்ணைக் கண்டுபிடிச்சு, 2021ல அப்துல் கலாம் பேரையே வச்சாங்க, பாட்டிலிபஸ் கலாமி. ராமேஸ்வரத்துக்காரர் பேரு ராமேஸ்வரத்துப் பக்கத்து மணல்ல கிடைச்ச உயிருக்கு. இதை எத்தனை பேர் எழுதினோம்? ஆனா "ஆறில் ஒரு பங்கு திருட்டு"ன்னா மட்டும் ஆளாளுக்கு ஒரு பதிவு.

சரி, அந்த ஆறில் ஒரு பங்கு எங்க இருந்து வந்துச்சு?

மரபணு சாதாரணமா அப்பன் ஆத்தாகிட்ட இருந்து புள்ளைக்கு வரும், மேலிருந்து கீழ. அப்படி இல்லாம, சம்பந்தமே இல்லாத ஒரு உயிர்ல இருந்து இன்னொரு உயிருக்குப் பக்கவாட்டுல தாவறதும் உண்டு. அதுக்குப் பேரு கிடைமட்ட மரபணுப் பரிமாற்றம். பாக்டீரியாக்களுக்குள்ள இது தினப்படி வியாபாரம். ஒரு கிருமி கத்துக்கிட்ட மருந்து எதிர்ப்பு இன்னொரு கிருமிக்குப் போய்ச் சேர்றது பெரும்பாலும் இப்படித்தான். விலங்குகள்ல இது அபூர்வம்.

2015 நவம்பர்ல அமெரிக்காவோட வட கரோலினா பல்கலைக்கழகக் குழு ஒண்ணு ஹிப்சிபியஸ் டுஜார்டினி என்ற நீர்க்கரடியோட மரபுத்தொகுதியைப் படிச்சு, அமெரிக்க தேசிய அறிவியல் கழகத்தின் சஞ்சிகையில கட்டுரை போட்டாங்க. மொத்தம் 38,145 மரபணு, அதுல 6,663 அந்நியம், பெரும்பாலும் பாக்டீரியாவோடது. கணக்குப் போட்டா 17.5 சதவீதம், அதாவது ஆறில் ஒண்ணு. காரணமும் அழகா சொன்னாங்க. காஞ்சுபோறப்ப நீர்க்கரடியோட டிஎன்ஏ துண்டு துண்டா உடையுது, மறுபடி நனையறப்ப செல்லோட சவ்வு ஓட்டையாகி வெளிய கிடக்கிற டிஎன்ஏ உள்ள வருது, உடைஞ்சதை ஒட்டுப்போடறப்ப அதுவும் சேந்து ஒட்டிக்குது. கேக்கவே நல்லா இருக்குல்ல? உலகம் முழுக்கப் பத்திரிகைகள் கொண்டாடித் தீத்துட்டாங்க.

அவங்களைக் கிண்டல் பண்ண மாட்டேன். கலப்பு இருக்குமோங்கிற சந்தேகம் அவங்களுக்கும் இருந்துச்சு, சில இடங்களைத் தனியா எடுத்துச் சோதிச்சும் பாத்தாங்க. மூலத்தரவையும் வெளிய வச்சாங்க. அடுத்து நடந்தது எல்லாம் அந்த நேர்மையாலதான் நடந்துச்சு.

கட்டுரை வந்து பத்து நாள்கூட ஆகல. ஸ்காட்லாந்தின் எடின்பரோ பல்கலைக்கழகத்துல மார்க் பிளாக்ஸ்டர் குழு இதே நீர்க்கரடியைத் தனியா படிச்சுக்கிட்டு இருந்தாங்க. அதே இனம், அதே வளர்ப்பு வம்சம். அவங்க கணக்குல மரபுத்தொகுதி 13.5 கோடி எழுத்து, கரோலினா கணக்குல 21 கோடிக்கும் மேல. மரபணு இங்க 23,021, அங்க 38,145. ஒரே மாட்டை ரெண்டு தராசுல நிறுத்தா இவ்வளவு வித்தியாசம் வருமா?

கரோலினா சொன்ன அந்நியத் துண்டுகளை எடின்பரோக்காரங்க தங்களோட தரவுல தேடினாங்க. பெரும்பாலானது அங்க இல்லவே இல்ல. இருந்ததும் சரியான அளவுல இல்ல. இந்த "அளவு" சமாசாரத்தைக் கொஞ்சம் விளக்கணும். டிஎன்ஏவைப் படிக்கிற மெஷின் அதை நறுக்கி ஒவ்வொரு இடத்தையும் பல தடவை படிக்கும். நீர்க்கரடியோட சொந்த மரபணு ஒண்ணு சுமார் நூறு தடவை படிக்கப்பட்டிருந்தா, அதே உடம்புல இருக்கிற இன்னொரு மரபணுவும் ஏறக்குறைய நூறு தடவைதான் படிக்கப்பட்டிருக்கணும். ஒரு துண்டு மட்டும் அஞ்சு தடவை, இன்னொண்ணு ஐநூறு தடவைன்னு வந்தா அது அந்த உடம்பைச் சேந்தது இல்ல, கூட வந்த விருந்தாளி. கரோலினாவோட "அந்நிய" மரபணுக்கள் பெரும்பாலும் விருந்தாளிகள்.

ஏன் விருந்தாளி வர்றாங்க? அரை மில்லிமீட்டர் உயிர்ல இருந்து போதுமான டிஎன்ஏ எடுக்கணும்னா ஆயிரக்கணக்குல சேத்து அரைக்கணும். வயித்துல இருக்கிற கிருமி, மேல ஒட்டின கிருமி, தீனியா போட்ட பாசி, வளர்ப்புத் தண்ணி எல்லாம் சேந்துதான் அரைபடும்.

இந்த இடத்துல எங்க ஊர்ப் பாடம் ஒண்ணு சொல்றேன். வேப்பந்தட்டையில தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகத்தோட பருத்தி ஆராய்ச்சி நிலையம் இருக்கு. சுத்துவட்டாரம் முழுக்க மானாவாரிப் பருத்தியும் மக்காச்சோளமும்தான். பருத்திக் கொல்லையில நாலு செடி மட்டும் இலையும் பூவும் வேற மாதிரி நின்னா எங்க பெரியப்பா மாதிரி ஆளுங்க என்ன சொல்வாங்க? "பெரியப்பா, செடி மாறிப்போச்சு போல"ன்னு கேட்டா, "மாறவும் இல்ல மண்ணாங்கட்டியும் இல்லடா. விதை கலப்பு. பில்லை எடுத்துக்கிட்டுக் கடைக்காரன்கிட்ட போய்க் கேளு"ம்பாரு. அம்பது வருசமா விதை விதைச்ச ஆளுக்கு முதல்ல தோணற சந்தேகம் கலப்பு. அதுதான் அடிக்கடி நடக்கறது. செடியே மாறிடுச்சுங்கறது அபூர்வம், அதைக் கடைசியாத்தான் நம்பணும்.

ஒரே மூட்டை விதையை ரெண்டு பங்காளிங்க பிரிச்சு ரெண்டு கொல்லையில போட்டு, ஒரு கொல்லையில மட்டும் வேத்துச் செடி வந்துச்சுன்னா அது மூட்டையோட குணமா, கொல்லையில விழுந்த கலப்பா? எடின்பரோ கேட்ட கேள்வி இவ்வளவுதான். படிச்ச நாம அதைக் கேக்காம விட்டோம்.

அதுக்கப்புறமும் ஆதாரம் வந்துக்கிட்டே இருந்துச்சு. ஜப்பானோட கெய்யோ பல்கலைக்கழகத்து அரகாவா கூட்டத்தை அரைக்காம, சுத்தம் பண்ணின ஒத்தை நீர்க்கரடியில இருந்தே டிஎன்ஏ எடுத்துப் படிச்சாரு. அந்த அந்நியத் துண்டுகள் காணோம். இன்னொரு பக்கம் டெல்மான்ட், எரென் ரெண்டு பேரும் கரோலினா தரவையே பிரிச்சுப் பாத்து, அதுக்குள்ள பாக்டீரியாக்களோட ஏறக்குறைய முழு மரபுத்தொகுதிகளே ஒளிஞ்சிருக்கறதைக் காட்டினாங்க. எடின்பரோ கட்டுரை 2016ல அதே சஞ்சிகையில வந்துச்சு. பக்கவாட்டுல வந்த மரபணு அதிகபட்சம் 1 முதல் 2 சதவீதம், ஆறில் ஒண்ணுங்கறது கண்டுபிடிக்காம விட்ட கலப்பு. கரோலினாக்காரங்களும் பதில் எழுதினாங்க, ஆனா 17.5 சதவீதத்தைக் காப்பாத்த முடியல. 2017ல இன்னும் நல்ல முறையில படிச்சப்ப மரபுத்தொகுதி 10.4 கோடி எழுத்தாச் சுருங்கிடுச்சு. 21, 13.5, 10.4. அழுக்கு போகப் போக எடை குறையுது.

அந்த "காஞ்சு நனைஞ்சு ஒட்டுப்போடற" கதைக்கு வந்த பெரிய அடி டோக்கியோவுல இருந்து. 2016ல குனியேடா குழு ராமசோட்டியஸ் வாரியோர்னாட்டஸ் என்ற இன்னொரு நீர்க்கரடியைப் படிச்சாங்க. காயறதுல இது ஹிப்சிபியஸைவிடக் கில்லாடி. கதை உண்மைன்னா இதுலதானே அந்நியச் சரக்கு அதிகம் இருக்கணும்? இருந்தது 1.2 சதவீதம். அதே ஆராய்ச்சியில இன்னொண்ணும் கிடைச்சுது. டிசப்னு ஒரு புரதம், டிஎன்ஏ மேல போய் உக்காந்து கதிர்வீச்சு சேதத்துல இருந்து காக்குது. அதை மனித செல்லுக்குள்ள வச்சுப் பாத்தப்ப எக்ஸ் கதிர் சேதம் சுமார் 40 சதவீதம் குறைஞ்சுது. இந்தப் புரதத்தோட மரபணு எவன்கிட்டயும் சுட்டது இல்ல, நீர்க்கரடி வம்சத்துல மட்டும் இருக்கறது. சொந்தமா சம்பாதிச்சவனுக்குத் திருட்டுப் பட்டம் கட்டியிருக்கோம் சாமிகளா.

"சரி, ஒரு பூச்சிக்குக் கெட்ட பேரு வந்துச்சு. இப்ப என்ன குடி முழுகிப்போச்சு?" இங்கதான் எனக்குக் கோவம் வருது.

இந்த எண்ணை யார் யார் கையில எடுத்துக்கிட்டு வர்றாங்கன்னு பாருங்க. 2002ல இந்தியாவுல பிடி பருத்திக்கு அனுமதி குடுத்தாங்க. மண் பாக்டீரியா ஒண்ணோட மரபணுவை ஆய்வகத்துல பருத்திக்குள்ள வச்சது. அன்னிக்கு ஆரம்பிச்ச சண்டை இன்னும் முடியல. ஒரு கட்சி சொல்லுது, "இயற்கையே ஆறில் ஒரு பங்கு மாத்திக்குது, நீங்க ஒத்தை மரபணுவுக்குக் குய்யோ முறையோன்னு கத்தறீங்களே." இன்னொரு கட்சி சொல்லுது, "பாத்தீங்களா, மரபணு அவ்வளவு சுலபமா தாவுது. இன்னிக்கு நீர்க்கரடி. நாளைக்குப் பருத்திப் பிண்ணாக்கு தின்ன மாட்டுக்கு, அப்புறம் பால் குடிக்கிற புள்ளைக்கு." ரெண்டு கட்சிக்கும் ஒரே செத்துப்போன எண்!

ரெண்டுமே நிக்காது. முதல் கட்சிக்கு: இயற்கையில ஒண்ணு நடக்குதுங்கறதாலயே ஆய்வகத்துல செஞ்சது பாதுகாப்புன்னு ஆயிடாது. பிடி பருத்தியை பிடி பருத்தியாத்தான் சோதிக்கணும். ரெண்டாவது கட்சிக்கு: நாம தினமும் சோத்தோட, கீரையோட, பருத்திப்பாலோட கோடிக்கணக்கான அந்நிய மரபணுக்களைத் தின்னுக்கிட்டுத்தான் இருக்கோம். அது நம்ம பரம்பரையில ஒட்டணும்னா கருமுட்டைக்கோ விந்தணுவுக்கோ உள்ள போய் உக்காரணும். வயித்துல செரிக்கிறதுக்கும் பரம்பரையில சேர்றதுக்கும் ரொம்ப தூரம்.

பிடி பருத்தி பத்திக் கேக்க வேண்டிய நிஜமான கேள்விகள் வேற. இளஞ்சிவப்புக் காய்ப்புழு முதல் தலைமுறை பிடிக்கு எதிர்ப்பு வளத்துக்கிச்சுன்னு குஜராத் விஷயத்துல 2010ல மான்சாண்டோவே ஒத்துக்கிச்சு. அந்தப் புழு யார்கிட்டயும் மரபணு வாங்கல. தாங்கிப் பிழைச்ச புழு குட்டி போட்டுப் பெருகிச்சு, அவ்வளவுதான். இதைப் பேசாம நீர்க்கரடியை இழுத்து வச்சுக்கிட்டு ரெண்டு கட்சியும் கும்மி அடிக்குது. விதைக்குக் காசு குடுத்துட்டு மழைக்குக் காத்துக்கிட்டு இருக்கறவனுக்கு அந்தக் கும்மியால பத்துப் பைசா பிரயோசனம் உண்டா?

கலப்பா, மாற்றமாங்கற கேள்வி நம்ம நாட்டையே ஒரு தடவை அடிச்சிருக்கு. பிகானேரி நர்மான்னு ஒரு பிடி பருத்தி. பொதுத்துறை ஆராய்ச்சி நிறுவனங்கள் உருவாக்கினது. கம்பெனிக்காரன் விக்கிற வீரிய ஒட்டு இல்ல, ரகம். விவசாயி விதை எடுத்து வச்சு அடுத்த வருசம் போட்டுக்கலாம். 2008ல அனுமதி, 2009ல விற்பனை, அதே வருச டிசம்பர்ல நிறுத்தம். ஏன்? அதுக்குள்ள மான்சாண்டோவோட மான் 531 இருந்துச்சுன்னு தெரியவந்துச்சு. சோபோரி தலைமையில குழு போட்டு 2012ல அறிக்கை வந்துச்சு. எத்தனை வருச உழைப்பு, எவ்வளவு நம்பிக்கை, எல்லாம் போச்சு. "இது நாம வச்ச மரபணுவா, வேற இடத்துல இருந்து வந்து கலந்ததா"ங்கற கேள்வியை ஊரைக் கூட்டறதுக்கு முன்னாடி கேட்டுப் பாக்கணும். கேக்கலன்னா யார் நஷ்டப்படறாங்கன்னு இதுக்கு மேல உதாரணம் வேணுமா?

இதுவும் புதுசு இல்ல. 2001ல மனித மரபுத்தொகுதி முதல்ல வெளிவந்தப்பவும் இதே கூத்து நடந்துச்சு. நேரா பாக்டீரியாவுல இருந்து நமக்குத் தாவின மரபணு நூத்துக்கும் மேலன்னாங்க. சால்ஸ்பெர்க் குழு அதே வருசம் இன்னும் நிறைய உயிர்களோட ஒப்பிட்டுப் பாத்து, சுமார் 40 மட்டும்தான் சந்தேகத்துக்கு உரியது, அதுக்கும் வேற எளிமையான விளக்கம் இருக்குன்னு சொன்னாங்க. அங்க கோளாறு அழுக்கு இல்ல, ஒப்பிட்ட உயிர்கள் கம்மி. ஆனா ஆச்சரியத்தை முதல்ல சொல்லிட்டுச் சரிபாக்கறதை அப்புறமா வச்சுக்கிட்டது ரெண்டு இடத்துலயும் ஒண்ணுதான்.

இதைப் படிச்சுட்டு "விலங்குல மரபணு தாவறதே பொய்"ன்னு அடுத்த கோடிக்கு ஓடிடாதீங்க. அதுவும் தப்பு. பருத்தியை வதைக்கிற வெள்ளை ஈ இருக்கே, அது ஒரு செடியோட மரபணுவை எடுத்து வச்சுக்கிட்டு, செடி தனக்கு எதிரா சுரக்கிற நஞ்சையே முறிக்குதுன்னு 2021ல சீன விஞ்ஞானிகள் நிரூபிச்சாங்க. அந்த மரபணுவை அடக்கி வச்சப்ப ஈ செத்துச்சு. இதுதான் ஆதாரம்! சர்க்கரைவள்ளிக் கிழங்குக்குள்ள அக்ரோபாக்டீரியத்தோட டிஎன்ஏ இயற்கையாவே இருக்கறது 2015ல தெரிஞ்சுது, 291 வகை எடுத்துப் பாத்து எல்லாத்துலயும் இருந்துச்சு. அடினெட்டா வாகா என்ற சக்கர உயிர்ல சுமார் 8 சதவீத மரபணு வெளிய இருந்து வந்ததுன்னு 2013ல எழுதினாங்க. வெள்ளை ஈயும் சர்க்கரைவள்ளியும் நம்ம கொல்லையிலயே இருக்கு. எழுதறதுக்கு இவ்வளவு நிஜமான ஆச்சரியம் இருக்கறப்ப பொய்யான ஆச்சரியம் எதுக்குங்க?

எனக்கு இதுல ரொம்ப வலிக்கிறது இதுதான். 2015 டிசம்பர்ல நடந்தது அறிவியலோட நல்ல நாள். ஒரு குழு தரவைத் திறந்து வச்சுது, இன்னொரு குழு பத்து நாளுக்குள்ள எல்லார் கண்ணு முன்னாடியும் கேள்வி கேட்டுச்சு, மூணாவது நாலாவது ஆளு வந்து சோதிச்சாங்க, ஒரு வருசத்துக்குள்ள விடை தெரிஞ்சுபோச்சு. யாரும் யாரையும் துரோகின்னு திட்டல. நம்மகிட்ட ஒரு இலக்கியச் சண்டை வந்தா எத்தனை வருசம் இழுக்கும்னு யோசிச்சுப் பாருங்க. அந்த அருமையான கதையைத் தூக்கிக் குப்பையில போட்டுட்டு, அதுல தோத்துப்போன எண்ணை மட்டும் எடுத்துச் சட்டைப்பையில வச்சுக்கிட்டோம். "அறிவியல் தமிழ் வளக்கறோம்"னு மார் தட்டற பதிவர்கள்ல எத்தனை பேர் ரெண்டாவது கட்டுரையைப் பத்தி ஒரு வரி எழுதினாங்க?

இங்க பக்கத்துல ஒரு பள்ளிக்கூடத்துக் கண்காட்சியில ஒரு பொண்ணு அழகா படம் போட்டு, "17.5 சதவீதம்"னு சிவப்புல எழுதி வச்சிருந்துச்சு. தமிழ்ல தேடிக் கண்டுபிடிச்சதா சொல்லுச்சு. அந்தப் புள்ளை மேல தப்பே இல்ல. தமிழ்ல தேடினா அதுதான் கிடைக்குது, நாம அதைத்தான் போட்டு வச்சிருக்கோம். இங்கிலீஷ்ல தேடறவனுக்கு ரெண்டு பக்கமும் கிடைக்கும். தமிழ்ல மட்டும் தேடற புள்ளைக்கு நாம எழுதலன்னா வேற நாதி இல்ல.

அதனால என் கோரிக்கை சின்னதுதான். நீர்க்கரடி பத்தி எழுதி வச்சிருக்கிற புண்ணியவான்கள் அந்தப் பழைய பதிவைத் திறங்க. அழிக்க வேணாம். மேல ரெண்டு வரி சேருங்க: "இந்தக் கணக்கு 2016ல தவறென்று தெரிந்துவிட்டது. பெரும்பாலும் பாக்டீரியாக் கலப்பு. உண்மை அளவு 1 முதல் 2 சதவீதத்துக்குள்." அஞ்சு நிமிசம்கூட ஆகாது. அடுத்த தடவை "அந்த உயிருக்கு இந்த உயிரோட மரபணு"ன்னு சேதி வந்தா எழுதறதுக்கு முன்னாடி மூணு கேளுங்க. வேற குழு தனியா எடுத்துப் பாத்துச்சா? பக்கத்துல இருக்கிற சொந்த மரபணு அளவுக்கே அதுவும் படிக்கப்பட்டிருக்கா? அந்த மரபணு அந்த உடம்புல நிஜமா வேலை செய்யுதா? மூணுக்கும் விடை வந்தா தாராளமா எழுதுங்க, முதல் ஆளா நானே வந்து கை தட்டறேன்.

விடை வரலன்னா பில்லை எடுத்துக்கிட்டுக் கடைக்காரன்கிட்ட போற வழியைப் பாருங்க.

டிஸ்கி 1: நான் பிடி பருத்திக்கு ஆதரவா எதிர்ப்பான்னு கேட்டு வர்றவங்களுக்கு, மேல ரெண்டு கட்சியையும் திட்டியிருக்கேன், எந்தத் திட்டு உங்களுக்குப் புடிச்சிருக்கோ அதை எடுத்துக்குங்க :-)

டிஸ்கி 2: ஹிப்சிபியஸ் டுஜார்டினின்னு நான் எழுதியிருக்கிற அதே ஆய்வக நீர்க்கரடிக்கு 2018ல ஹிப்சிபியஸ் எக்செம்ப்ளாரிஸ்னு பேரு மாத்திட்டாங்க. பழைய கட்டுரைகள்ல பழைய பேரு, புதுசுல புதுப் பேரு. ரெண்டும் வேற வேற உயிர்னு யாராவது புதுப் பதிவு போட்டுடாதீங்க, தாங்காது.